மனைக்கேற்ற மரம்

இராமநாதபுரம் வறண்ட மாவட்டம். அங்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். ஏனைய மாதங்களில் மரம் நிலத்தின் ஈரத்தைக் கொண்டே வாழ்தல் வேண்டும். ஆதலின், அங்கு வீட்டருகே நடும் மரத்தை ஆய்ந்து தேர்தல் இன்றியமையாதது.

விரைந்து வளர்வது ஒன்றையே கருதுதல் தவறு. சீமைக் கருவேலம் விரைந்து வளரும். ஆனால், அதன் விதை பரவி விளைநிலத்தை முட்காடாக்கும். வேம்பும் புங்கமும் சற்று மெல்ல வளரினும், ஆழ வேரூன்றி வறட்சியைத் தாங்கும். கோடை முதிருமுன்னரே தளிர்த்து, வெயில் கொடிதாகும்போது நிழல் தரும்.

மாணவர்களே! ஐப்பசி மழை தொடங்கியதும், சுவரினின்று 15 அடி தள்ளி, வீட்டின் மேற்கே ஒரு வேம்பு நடுங்கள். அது வளர்ந்தபின் மாலை வெயில் சுவரைச் சுடாது. முதல் இரண்டு கோடைகளில் நீரூற்றிக் காத்தால், பின்னர் அது உங்களைக் காக்கும்.