ரோமல் கெய்ரோவுக்குள் நுழைந்திருந்தால்...

கேள்வி: 'இது நடந்திருந்தால், அது நடக்காமல் போயிருந்தால்' என்று வரலாற்றை மாற்றி எழுதும் வழக்கம் எங்கே தொடங்கியது? (திண்டுக்கல் வாசகர்)

நம் வீட்டுத் திண்ணையில்தான் என்று சொல்ல ஆசை. 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' என்று அதற்குப் பதிலும் தயாராக வைத்திருக்கிறோமே! எழுத்தில் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியுடையது. தன் நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் சொல்லிக்கொண்டு வந்த கதையை நிறுத்திவிட்டு, அலெக்சாண்டர் இத்தாலியின் மேல் படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார். ரோம்தான் ஜெயித்திருக்கும் என்று தீர்ப்பும் சொல்கிறார். ரோமானியர் வேறென்ன சொல்வார்?

1836-இல் லூயி ஜெஃப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர், நெப்போலியன் உலகம் முழுவதையும் பிடித்துவிடுவதாக ஒரு நாவலே எழுதினார். 1931-இல் லண்டனில் இத்தகைய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியத் தளபதி லீ, கெட்டிஸ்பர்க்கில் தோற்றார் அல்லவா? தொகுப்பில் எழுதிய ஒருவர், லீ ஜெயித்துவிட்ட உலகத்தில் உட்கார்ந்துகொண்டு, 'லீ மட்டும் ஜெயிக்காமல் போயிருந்தால்?' என்று யோசிக்கிறார். கற்பனைக்குள் ஒரு கற்பனை. எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அடுத்த பதிலிலும் அவர் வருகிறார்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தளபதி ரோமல் எகிப்தைப் பிடித்திருந்தால் ஹிட்லர் ஜெயித்திருப்பார் என்கிறார்களே, இந்தப் பேச்சு எதிலிருந்து கிளம்பியது? (தென்காசி வாசகர்)

1942 கோடையில் கிளம்பியது. ஜூன் 21 அன்று லிபியத் துறைமுகமான டோப்ருக் ரோமலிடம் விழுந்தது. 30,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் சிறைப்பட்டார்கள். ஹிட்லர் ரோமலை ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினார். கெய்ரோவில் வெற்றி ஊர்வலம் போக முசோலினி லிபியாவுக்கே வந்து காத்திருந்தார். ஏறிப் போக வெள்ளைக் குதிரைகூடத் தயார் என்று பேச்சு. ஜூலை 1, புதன்கிழமை, கெய்ரோவில் பிரிட்டிஷ் தலைமையகம் தன் ரகசியக் காகிதங்களை எரித்தது. 'சாம்பல் புதன்' என்று கிறிஸ்தவர்களின் நோன்பு நாளின் பெயரையே அதற்கு வைத்துக் கேலி செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தன. மேற்கிலிருந்து ஜெர்மானியரும் கிழக்கிலிருந்து ஜப்பானியரும் வந்து நடுவில் கைகுலுக்கிவிடுவார்களோ என்ற பயம் அன்று வெறும் வதந்தி அல்ல.

ஆனால் வரைபடத்தை விரித்து வைத்தால் பயம் கொஞ்சம் தெளியும். ரோமல் வந்து நின்ற எல் அலமைன் என்பது அலெக்சாண்ட்ரியாவுக்கு மேற்கே 100 கி.மீ. தள்ளி இருந்த ஒரு சின்ன ரயில் நிலையம். வடக்கே கடல். தெற்கே 60 கி.மீ. தொலைவில் கத்தாரா பள்ளம். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் உப்புச் சேறு, டாங்கி இறங்காது. பாலைவனப் போரில் ரோமலின் வித்தையே எதிரியின் பக்கவாட்டைச் சுற்றிக்கொண்டு போவதுதான். இங்கே சுற்ற வழியில்லை. ஜூலையில் பிரிட்டிஷ் தளபதி ஆச்சின்லெக்கும், இலையுதிர்காலத்தில் இன்னொரு தளபதி மான்ட்கோமரியும் அவரை நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

அதைவிடப் பெரிய எதிரி தூரம். டிரிபோலி துறைமுகத்திலிருந்து அலமைனுக்கு ஏறத்தாழ 2,000 கி.மீ. பெட்ரோல் ஏற்றிப் போகும் லாரியே வழியில் பாதி பெட்ரோலைக் குடித்துவிட்டால், வண்டியில் மிச்சம் என்ன இருக்கும்? பெங்காஸி, டோப்ருக் துறைமுகங்கள் கைக்கு வந்தும், குண்டுவீச்சில் அங்கே கப்பல்களிலிருந்து சரக்கை நிம்மதியாக இறக்க முடியவில்லை. நடுக்கடலில் மால்டா தீவு வேறு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கப் போட்டிருந்த திட்டத்தை, டோப்ருக் விழுந்த உற்சாகத்தில் ஒத்திப்போட்டார்கள். பிறகு அது நடக்கவே இல்லை.

சரி, சூயஸ் கால்வாயே போயிருந்தால்? பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை அப்போதே ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போய்வந்தன. நவம்பர் 8 அன்று அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இறங்கினார்கள். ரோமல் கெய்ரோவில் இருந்திருந்தாலும் அவருடைய முதுகுப்பக்கம் திறந்தேதான் கிடந்திருக்கும். ஹிட்லரின் தலைவிதி ஸ்டாலின்கிராடில் எழுதப்பட்டது, நைல் கரையில் அல்ல.

ஒரு விஷயம் மட்டும் நிச்சயம் மாறியிருக்கும். வால்டர் ராவ்ஃப் என்ற எஸ்.எஸ். அதிகாரியின் கீழ் ஒரு கொலைப்படை அந்தக் கோடையில் ஏதென்ஸில் காத்திருந்தது. ரோமலின் பின்னாலேயே போய்ப் பாலஸ்தீனத்து யூதர்களைத் தீர்த்துக்கட்டுவதுதான் அதன் வேலை. 'ரோமல் கனவான், அவருடைய போர் சுத்தமான போர்' என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் பாலைவனத்தின் நிஜமான 'இருந்தால்' 1942-இல் இல்லை. 1941 பிப்ரவரியில் இருக்கிறது. 1940 டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் ஓ'கானர் இத்தாலியரை எதிர்த்து 36,000 பேருடன் கிளம்பினார். எகிப்தின் சிடி பரானியில் தொடங்கிய இந்தத் தாக்குதலில் நான்காவது இந்திய டிவிஷனும் இருந்தது. அதில் 'தம்பிகள்' என்று பெயர்பெற்ற ராணுவப் பொறியாளர்களான நம் மதராஸ் சாப்பர்களும் உண்டு. (சில நாட்களிலேயே அந்த டிவிஷனைச் சூடான் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.) இரண்டே மாதத்தில் 1,30,000 இத்தாலியர்கள் சிறைப்பட்டார்கள். லிபியாவில் எல் அகீலா வரை வந்தாயிற்று. டிரிபோலிக்கு இன்னும் 700 கி.மீ. சொச்சம். அந்த இடத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் படையை நிறுத்தினார். நல்ல படைப்பிரிவுகள் கிரேக்கத்துக்குப் போயின. பிப்ரவரி 12 அன்று ரோமல் டிரிபோலியில் வந்து இறங்கினார். ஏப்ரல் முடிவதற்குள் கிரேக்கமும் போயிற்று, பிடித்த பாலைவனத்தில் டோப்ருக் தவிர மற்றதும் போயிற்று, ஓ'கானரே ஜெர்மானியர் கையில் சிக்கினார்.

நிறுத்தாமல் போயிருந்தால் டிரிபோலி விழுந்திருக்குமா? டாங்கிகள் தேய்ந்து ஓய்ந்திருந்தன, லாரிகளும் அப்படித்தான். அதனால் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரோமல் இறங்கத் துறைமுகமே இல்லாமல் போக ஒரு வாய்ப்பு இருந்தது. அதைக் கைவிட்டவர், பத்து வருடத்துக்கு முன் லீயைப் பற்றி அப்படி யோசித்த அதே மனிதர்.

கேள்வி: 'ஜெர்ரி கேன்' என்ற பெயர் எப்படி வந்தது? (நாகர்கோவில் வாசகர்)

'ஜெர்ரி' என்றால் பிரிட்டிஷ் சிப்பாயின் கொச்சையில் ஜெர்மன்காரன். 1930-களின் கடைசியில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் கேன் இது. மேலே மூன்று கைப்பிடி: நிறைந்த கேனை இருவர் சேர்ந்து தூக்கலாம், காலி கேன் என்றால் ஒருவரே ஒரு கையில் இரண்டு எடுத்துப் போகலாம். பிரிட்டிஷாரிடம் இருந்ததோ நம் பழைய மண்ணெண்ணெய் டின் மாதிரி மெல்லிய தகர டின். ஒழுகியே 30 சதவீதம் வரை பெட்ரோல் வீணாகிறது என்று ஆச்சின்லெக் கணக்குச் சொன்னார். அதனால் எதிரியின் கேன் கிடைத்தால் விடமாட்டார்கள். பிறகு அப்படியே பார்த்துச் செய்தும் கொண்டார்கள். தகர டின்னைப் பாதியாக வெட்டி, மணலும் பெட்ரோலும் போட்டுக் கொளுத்தி டீ வைத்துக் குடித்தார்கள். அதற்கு மட்டும் அது உத்தமமான டின்.

கேள்வி: எண்ணெய் வளம் கொழிக்கும் லிபியாவிலா ரோமலுக்குப் பெட்ரோல் தட்டுப்பாடு? (காரைக்குடி வாசகர்)

ஆமாம். காலுக்குக் கீழே எவ்வளவு இருந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது. லிபியாவின் முதல் பெரிய எண்ணெய் வயல் செல்டன் என்ற இடத்தில் 1959-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து குழாய் போட்டு 1961-இல் முதல் கப்பலை நிரப்பிய துறைமுகம் மெர்சா பிரேகா. 1941 மார்ச் 31 அன்று ரோமல் தன் முதல் பெரிய தாக்குதலைத் தொடுத்ததும் அதே மெர்சா பிரேகாவில்தான்.