வாயில் வராதது விரலில் வராது
(இசைப் பாடம்)



இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஜாஸ் கிடாரில் சொந்தமாக வாசிப்பது எப்படி என்பது. "நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு கிடார்கூட இல்லையே, இது எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை படியுங்கள், பதில் இருக்கிறது.

ஜாஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், சுமார் 1900-ஆம் ஆண்டு வாக்கில், கறுப்பின மக்களிடம் பிறந்த இசை ஜாஸ். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அதே தாளச் சுற்றுக்குள், அந்த நிமிஷம் மனசில் தோன்றுவதை வாசிப்பார்கள். மனப்பாடம் கிடையாது. இதை ஆங்கிலத்தில் இம்ப்ரொவைசேஷன் என்கிறார்கள். நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் சித்திரை மாத இராமானுஜர் உற்சவத்தில் நாகசுரம் வாசிப்பவரைப் பாருங்கள். கையில் தாள் இருக்காது. ராகத்தை அவரே வளர்த்துக்கொண்டு போவார். அதுவும் மனோதர்மம்தான்.

அண்ணன் செய்த தப்பு

என் அண்ணன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கிடார் ஒன்று வாங்கினான். புத்தகத்தைப் பார்த்து ஸ்கேல் பழகினான். ஆறு மாதத்தில் விரல் வேகமாக ஓடியது. ஆனால் அம்மா கேட்டுவிட்டு, "என்னடா, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அண்ணனுக்கு முகமே சுருங்கிவிட்டது.

எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் நாகசுர செட்டில் தாளம் போட்டவர். அவர் சொன்னார்: "நாகசுரக்காரன் மூச்சு விடணும், அதனால நடுவுல நிப்பான். உனக்கு விரல்தானே? அதான் நிக்காம போற. முதல்ல கிடாரைக் கீழ வை. வாயால சொல்லு."

அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். அதனால் கிடாரைத் தொடவும் முடியாது. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய குரலில் தாத்தா சொல்லிக்கொடுத்தார். அண்ணனோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன்.

பாடம் 1: தாளம்

முதலில் ஆதி தாளம் போடுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மொத்தம் 8. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை 'தகதிமி' சொல்லுங்கள். 8 × 4 = 32 மாத்திரை. இது ஒரு சுற்று. முதல் தட்டு விழும் இடத்துக்குச் 'சமம்' என்று பெயர்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்.

தகதிமி நான்கு முறை = 16
சும்மா இருப்பது = 1
ததிங்கிணதொம் மூன்று முறை (5 × 3) = 15
மொத்தம் = 32

சரியாகச் சொன்னால் கடைசி 'தொம்' முடிந்ததும் அடுத்த சுற்றின் சமத்தில் கை தட்டும்.

இரண்டாவது கணக்கு:

தகதிமி மூன்று முறை = 12
சும்மா = 1
ததிங்கிணதொம் (5), சும்மா (2), ததிங்கிணதொம் (5), சும்மா (2), ததிங்கிணதொம் (5) = 19
மொத்தம் = 32

அதே சொல்தான். நடுவில் இடைவெளி விட்டதால் நான்கு மாத்திரை முன்னாடியே தொடங்க வேண்டியிருக்கிறது. சும்மா இருக்கிற இடமும் கணக்கில் வருகிறது. இதைத்தான் அண்ணன் ஆறு மாதமாக விட்டுவிட்டான்.

ஜாஸிலும் இப்படிச் சுற்று உண்டு. புளூஸ் என்ற வகையில் ஒரு சுற்றுக்கு 12 கட்டம், கட்டத்துக்கு 4 தட்டு, ஆக 48 தட்டு. நடுவில் எங்கே சுற்றினாலும் வீடு திரும்பத் தெரிய வேண்டும். 'ஸ்விங்' என்ற ஆட்டமான நடையும் உண்டு. 'தகிட' என்பதில் நடு எழுத்தை விழுங்கி 'த - ட, த - ட' என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த நடை வந்துவிடும். கைதட்டலை 1, 3-இல் போடாமல் 2, 4-இல் போடுங்கள்.

பாடம் 2: மூச்சு

நாம் பேசும்போது நிறுத்திப் பேசுகிறோம். "நீ எங்க போற?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம். இசையிலும் அப்படித்தான். ஒரு மூச்சில் எவ்வளவு பாட முடியுமோ அதுதான் ஒரு வாக்கியம்.

சார்லி கிறிஸ்டியன் என்ற கலைஞர் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து மின்சார கிடார் வாசித்தார். அந்தக் காலத்தில் ஜாஸ் குழுவில் கிடாருக்குப் பெரும்பாலும் பின்னால் இருந்து தாளம் கொடுக்கும் வேலைதான். அவரோ சாக்சபோன் ஊதுகிறவர்களைப் போல வாக்கியம் வாக்கியமாக வாசித்தார். 1942-இல் 25 வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த கிடார் கலைஞர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாடம் 3: பாடு, பிறகு வாசி

லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-இல் ஒரு இசைத்தட்டில் அர்த்தமில்லாத அசைகளை வைத்தே பாடினார். இதற்கு 'ஸ்காட்' என்று பெயர். ஜார்ஜ் பென்சன் கிடாரில் வாசிப்பதை அப்படியே கூடவே பாடுவார்.

நம்மிடம் இது கொன்னக்கோலாக இருக்கிறது. மிருதங்கம், தவில் கற்கிறவர்கள் சொல்லை வாயால் சொல்லித்தான் கையில் கொண்டுவருகிறார்கள். இங்கிலாந்துக்காரரான ஜான் மெக்லாஃப்லின் ஜாஸ் கிடாரில் பெரிய பெயர். 1970-களில் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் இருந்த 'சக்தி' குழுவில் வாசித்தவர். அவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து 2007-இல் கொன்னக்கோல் பாட டிவிடி வெளியிட்டார். நம் ஆட்களின் பாடத்தை ஜாஸ்காரர்களும் படிக்கிறார்கள்!

நம் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே போனால் வரும் இராணிப்பேட்டையைச் சேர்ந்தவர் கிடார் பிரசன்னா. சென்னை ஐஐடியில் படித்தவர். கிடாரில் கர்நாடக இசை வாசிப்பார், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்லீ கல்லூரியில் படித்து ஜாஸும் வாசிப்பார். 2011-இல் 'தீர்த்தா' என்ற இசைத்தொகுப்பில் விஜய் ஐயரின் பியானோவோடும் நிதின் மிட்டாவின் தபலாவோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார்.

செய்து பாருங்கள்

1. ஸ ரி க - மூன்றே சுரம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. "நீ எங்க போற?" என்று பேசுகிற நடையிலேயே அந்தச் சுரங்களைப் பாடுங்கள். மேலே, அதாவது 'க'வில் நிறுத்துங்கள். இது கேள்வி.
3. நான்கு தட்டு சும்மா இருங்கள். தாளம் மட்டும் நிற்கக் கூடாது.
4. "கடைக்குப் போறேன்" என்கிற நடையில் பாடி 'ஸ'வில் வந்து முடியுங்கள். இது பதில்.
5. ஒருவர் கேள்வி, இன்னொருவர் பதில். தினமும் வேறு வேறாக மாற்றுங்கள்.

இதற்குள் நீங்கள் மனோதர்மம் பாட ஆரம்பித்துவிட்டீர்கள்!

ஒரு மாதம் இப்படிச் செய்த பிறகு அண்ணன் கிடாரை எடுத்தான். முன்னைவிடப் பாதி சுரம்தான் வாசித்தான். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

போன மாதம் அண்ணனுக்கு கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. வீட்டு வாடகைக்காகக் கிடாரை விற்றுவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அவன் மட்டும், "கிடார்தான் போச்சு, வாயில இருக்கறது எங்கயும் போவாது" என்றான். அன்று ராத்திரியும் மாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் தாளம் போட்டோம். ததிங்கிணதொம் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் சமத்தில் சரியாக வந்து சேர்ந்தான்.

கிடார் இல்லாத பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் எதுக்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில். கற்க வேண்டியதில் முக்கால்வாசி நம் வாயிலும் கையிலும் இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வாருங்கள். 32 எண்ணத் தெரிந்தால் போதும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி