தனிம அட்டவணை: மனப்பாடம் வேண்டாம், முகவரி போதும்

பதினோராம் வகுப்பில் வேதியியல் எடுக்கும் பிள்ளைகள் பலர் முதல் வேலையாகத் தனிம வரிசை அட்டவணையை ஹைட்ரஜனிலிருந்து மந்திரம் போல ஒப்பிக்கத் தொடங்குகிறார்கள். முப்பது பெயர் வரை ஓடும். பரீட்சை முடிந்ததும் அத்தனையும் மறந்துபோகும். அட்டவணையில் இருப்பவை 118 தனிமங்கள். ஒரு தனிமம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அதன் குணத்தை ஊகித்துவிடலாம். அட்டவணையின் பயனே அதுதான். அந்த ஊகம் கைவர, தினம் அரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் படிகளைச் செய்து பாருங்கள்.

படி 1: இருபது அட்டைகள்

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி இருபது அட்டைகள் செய்யுங்கள். ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரை ஒவ்வொன்றுக்கும் பெயர், குறியீடு, அணு எண், எலக்ட்ரான் அமைப்பு நான்கையும் எழுதுங்கள். லித்தியம் 2,1. சோடியம் 2,8,1. பொட்டாசியம் 2,8,8,1.

இனி தரையில் அணு எண் வரிசைப்படி அடுக்குங்கள். புதிய கூடு தொடங்கும்போதெல்லாம் அடுத்த வரிசைக்குப் போங்கள். கடைசி எண் ஒன்றாக இருப்பவை ஒன்றின்கீழ் ஒன்றாக வர வேண்டும். ஹீலியம் மட்டும் விலக்கு. அதன் ஒரே கூடு இரண்டு எலக்ட்ரான்களிலேயே நிரம்பிவிடுவதால், அதன் இடம் நியானுக்கு மேலே. அடுக்கி முடித்ததும் அட்டவணையின் தொடக்கம் உங்கள் கையாலேயே உருவாகியிருக்கும்.

அட்டவணையின் 118 குறியீடுகளில் பதினொன்று மட்டும் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாது. சோடியத்துக்கு ‘என்ஏ’ என்பது நாட்ரியம் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பொட்டாசியத்துக்குக் ‘கே’, காலியம் என்பதிலிருந்து. இந்தப் பதினொன்றை மட்டும் தனித்தாளில் எழுதிப் பழகுங்கள்.

படி 2: மேலிருந்து கீழே படியுங்கள்

குறுக்கு வரிசைகள் ஏழும் தொடர்கள். செங்குத்து வரிசைகள் பதினெட்டும் தொகுதிகள். குணம் ஒத்துப்போவது தொகுதிக்குள்தான். முதலில் நான்கு தொகுதிகளோடு பழகுங்கள். முதல் தொகுதியின் கார உலோகங்கள் கடைசிக் கூட்டில் உள்ள ஒற்றை எலக்ட்ரானை எளிதில் இழக்கும். இரண்டாம் தொகுதி இரண்டை இழக்கும். பதினேழாம் தொகுதியின் ஹாலஜன்களுக்கு ஒன்று குறைகிறது. அதை எங்கிருந்தாவது பெறப் பார்க்கும். பதினெட்டாம் தொகுதியின் மந்த வாயுக்களுக்குக் குறையே இல்லை. பெரும்பாலும் எதனோடும் சேராது. சோடியம் இழப்பதைக் குளோரின் பெறுகிறது. அதுதான் நம் சாப்பாட்டு உப்பு.

படி 3: இரண்டு அம்புகள்

அச்சிட்ட அட்டவணையில் பென்சிலால் இரண்டு அம்புகள் வரையுங்கள். மேலிருந்து கீழே போகும் அம்பில் ‘அணு பெரிதாகும், உலோகத் தன்மை கூடும்’ என்று எழுதுங்கள். கூடுகள் கூடக்கூட வெளி எலக்ட்ரான் மீது அணுக்கருவின் பிடி தளரும் என்பதே காரணம். இடமிருந்து வலம் போகும் அம்பில் ‘அணு சிறுக்கும், உலோகத் தன்மை குறையும்’ என்று எழுதுங்கள். கூடு அதேதான், கருவில் புரோட்டான் கூடுவதால் பிடி இறுகுகிறது.

லித்தியத்தைவிடச் சோடியமும், சோடியத்தைவிடப் பொட்டாசியமும் தண்ணீரில் ஏன் வேகமாக வினைபுரிகின்றன என்பதை முதல் அம்பு சொல்லிவிடும். அதைக் காணொளியில் மட்டும் பாருங்கள்; வீட்டில் செய்யவே கூடாது.

படி 4: ஒரு தொகுதியை அருகில் பாருங்கள்

பதினான்காம் தொகுதியை எடுங்கள்: கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். ஐந்துக்கும் கடைசிக் கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். கரியில் இருக்கும் கார்பன் அலோகம். மணலில் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் சிலிக்கானும் அதன் கீழுள்ள ஜெர்மானியமும் உலோகப் போலிகள். கடைசி இரண்டும் முழு உலோகங்கள். முதல் அம்பு சொன்னது அப்படியே கண்முன் நிற்கிறது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதன் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். ரசம் கொதிப்பது ஏறக்குறைய 100 டிகிரியில் என்பதால், உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். அட்டவணையில் நேர் கீழ்க் கட்டத்தில் இருப்பது காரீயம், இன்வெர்ட்டர் பேட்டரியில் இருக்கும் நஞ்சு. ஒரே குடும்பம், ‘ஈயம்’ என்று ஒரே பெயர்; ஆனால் சமையலுக்கு ஒன்றுதான் ஆகும். சொம்பு வாங்கும்போது காரீயக் கலப்பில்லாத சுத்த வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 5: மறைத்துவிட்டு ஊகியுங்கள்

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் அட்டவணையை வெளியிட்டபோது அறிந்திருந்த தனிமங்கள் 63 மட்டுமே. சில கட்டங்களைக் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே வரவேண்டியதற்கு ‘ஏகசிலிக்கான்’ என்று பெயர் வைத்து, அணு எடை 72 இருக்கும் என்றார். 1886இல் ஜெர்மனியில் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். அதன் அணு எடை 72.6.

நீங்களும் செய்யலாம். குளோரினின் உருகுநிலை −101, கொதிநிலை −34. அயோடினின் உருகுநிலை 114, கொதிநிலை 184. நடுவில் உள்ள புரோமினை மறைத்துவிட்டுச் சராசரி எடுங்கள். உருகுநிலை ஏறக்குறைய 7, கொதிநிலை 75 என்று வரும். அப்படியானால் நம் ஊர் வெயிலில் அது திரவமாக இருக்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டுங்கள்: −7, 59. எண்கள் சற்று விலகினாலும், புரோமின் திரவமேதான்!

படி 6: முரண்பட்டால் விடாதீர்கள்

ஆர்கானின் அணு எடை 39.95, அடுத்துவரும் பொட்டாசியத்துக்கு 39.10. எடைப்படி அடுக்கினால் இடம் மாறிவிடும். 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, வரிசையைத் தீர்மானிப்பது அணு எண்ணே என்று காட்டியதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஊகம் பொய்த்த இடங்களைத் தனியே குறித்து, ஆசிரியரிடம் காரணம் கேளுங்கள். அதிகம் கற்பது அங்கேதான்.

வார முடிவில் ஒரு சோதனை. நீங்கள் அட்டை செய்யாத ஸ்ட்ரான்ஷியத்தின் மேல் விரலை வையுங்கள். இரண்டாம் தொகுதி, ஐந்தாம் தொடர். எத்தனை எலக்ட்ரான்களை இழக்கும், கால்சியத்தைவிடப் பெரிதா சிறிதா, தண்ணீரில் எப்படி வினைபுரியும், எத்தனை குளோரினோடு சேரும்? நான்குக்கும் விடை வந்துவிட்டால், பார்த்தே இராத ஒரு தனிமத்தின் குணத்தை அதன் முகவரியை வைத்தே சொல்லிவிட்டீர்கள்.