ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறோம், ஸ்டூலுக்கு எடுத்தோமா?

இந்தத் தடவை சுவரிதழில் வீட்டில் தையல் மெஷின் போடுகிற இடத்தைப் பற்றி எழுதுகிறேன். இது பெண்பிள்ளைகள் விஷயம் என்று பையன்கள் நகர்ந்துவிட வேண்டாம். சத்துணவு சாப்பிடுகிறவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 4 செட் சீருடை இலவசமாகத் தருகிறார்கள் அல்லவா? நாமெல்லாம் போட்டு வளர்ந்த அந்தச் சட்டையும் பாவாடையும் எங்கே தைக்கிறார்கள் தெரியுமா? சமூகநலத் துறையின் கீழ் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அதில் உறுப்பினராக உள்ள பெண்கள் வெட்டிய துணியை வாங்கி வந்து தைத்துக் கொடுக்கிறார்கள். எத்தனை உருப்படியோ அத்தனைக்குத்தான் கூலி. கழுத்து வலி என்று ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை.

எங்கள் அம்மாவும் வீட்டில் தைக்கிறார்கள். ராத்திரி ஆனால் தோள்பட்டையில் தைலம் தேய்த்துவிடச் சொல்வார்கள். அப்பத்தா மட்டும், "உக்காந்து தைக்கிறதுல என்னத்தா வலி? நாங்கள்லாம் குனிஞ்சு நாத்து நட்டவுக" என்பார்கள். நாற்று நடுகிறவர்களுக்கு முதுகு வலிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் வலிக்கும் என்பதை யாரும் நம்புவதில்லை, அதுதான் சிக்கல்.

ஒரு மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த எடையை முதுகெலும்பு நேராகத் தாங்கிக்கொள்ளும். குனிந்தால் தலை முன்னால் தள்ளிப் போகிறது, அப்போது பின்கழுத்துத் தசைதான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். நெம்புகோல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் தள்ளிப் போகப் போக இழுக்கிற விசை அதிகமாக வேண்டும். நாள் முழுக்க அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் தசை என்ன செய்யும் பாவம்!

காந்தியடிகளுக்கு இயந்திரங்கள் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. ஆனால் 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் இதைப் பற்றிக் கேட்டபோது, சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் அதைச் செய்தார், அதில் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். கேட்ட அந்த ஜி. ராமச்சந்திரன்தான் பிற்பாடு டாக்டர் சௌந்தரம் அம்மாளோடு சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். நம் சமயநல்லூர் ரோட்டிலேயே திண்டுக்கல் பக்கம் போனால் வரும். கைக்கு வந்த கஷ்டத்தை மெஷின் குறைத்தது சரி, கழுத்துக்கு வந்ததை யார் குறைப்பது?

அதற்கு இன்ச் டேப் போதும். எங்கள் வீட்டுக் கால் மெஷினின் மேசை தரையிலிருந்து 30 இன்ச். அம்மா உட்கார்ந்து கையை மடக்கினால், உட்காரும் பலகையிலிருந்து முழங்கை வரை 9 இன்ச். முழங்கையும் மேசையும் ஒரே மட்டத்தில் வர 30இல் 9 போக 21 இன்ச் ஸ்டூல் வேண்டும். அம்மா உட்கார்ந்திருந்ததோ 16 இன்ச் பிளாஸ்டிக் ஸ்டூல். அப்படியானால் மேசை முழங்கையை விட 5 இன்ச் உயரம்! துணியைத் தள்ளுகிறபோதெல்லாம் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தைலம் எதற்குத் தேவைப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, 21 வைத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. தொடை மேசைக்கு அடியில் இடிக்கிறது. ரொம்ப உயர்ந்தால் ஊசியைப் பார்க்கக் கழுத்து இன்னும் குனியும். கடைசியில் 19இல் நிறுத்தினோம். தண்ணீர்க் குடம் வைத்திருந்த மர ஸ்டூல் 18 இன்ச், அதன் மேல் பழைய நூல்சேலையை மடித்துப் போட்டால் ஒரு இன்ச். செலவு ஒன்றும் இல்லை. குடம் இப்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் இருக்கிறது, தண்ணீர் மோக்கக் குனிய வேண்டியிருக்கிறது என்று அப்பா முணுமுணுக்கிறார். பெடல் தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருப்பதால் ஸ்டூல் உயர்ந்தாலும் கால் எட்டும். கைப்பிடி வைத்த நாற்காலி மட்டும் வேண்டாம், முழங்கை இடிக்கும், கிட்டே இழுத்துப் போடவும் முடியாது.

உட்காரும்போது மெஷினின் நடுவுக்கு நேராக உட்காராமல் ஊசிக்கு நேராக உட்கார வேண்டும். ஊசி இடது பக்கம் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்தால் உடம்பு எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஸ்டூல் எவ்வளவு சரியாக இருந்தாலும் தலை தானாகக் குனிந்துவிடும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் டியூப்லைட் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் தலை நிழலே ஊசி மேல் விழும். மெஷினைத் திருப்பி, வாசல் வெளிச்சம் இடது கைப் பக்கம் வருகிற மாதிரிப் போட்டோம். நேர் எதிரே வாசல் இருந்தால் கண் கூசும். ராத்திரிக்கு ஒரு எல்.இ.டி. பல்பை ஊசிக்கு இடது பக்கம் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறோம், கண்ணில் அடிக்காமல் இருக்க அட்டையில் மூடி செய்து மாட்டியது நான்தான்.

பெடல் கனமாக இருந்தால் கால் வலி வரும். நிறையப் பேர் மெஷின் பழசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எண்ணெய் விட்டுப் பாருங்கள் முதலில். மெஷின் ஆயில்தான் விட வேண்டும், தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். விட்டபின் வேஸ்ட் துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும். பெல்ட் ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் மிதிக்கக் கனமாகத்தான் இருக்கும்.

துணி வெட்டுகிற வேலைக்கு எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. இடுப்பு உயர மேசையில் நின்றுகொண்டு வெட்டுவதுதான் நல்லது, ஆனால் அவ்வளவு பெரிய மேசை போட வீட்டில் இடம் ஏது? அதனால் இன்னும் தரையில்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு வெட்டி, எழுந்து போய்த் தைத்து, மறுபடி இரண்டு என்று மாற்றியிருக்கிறார்கள். தையலையும் அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன், பாதி நாள் கேட்பதில்லை. வலி முழுக்கப் போய்விடவில்லை. தைலம் தினமும் தேய்த்தது போய் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான்.

உங்கள் வீட்டில் மெஷின் இருந்தால் மூன்று அளவு எழுதி வாருங்கள்: மேசை உயரம், ஸ்டூல் உயரம், தைக்கிறவர் உட்கார்ந்தால் பலகையிலிருந்து முழங்கை வரை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கழித்துப் பார்க்கலாம். இன்ச் டேப் இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன், மறுநாள் திருப்பித் தந்துவிட வேண்டும், அது அம்மாவுடையது.

– 9ஆம் வகுப்பு மாணவி