கலங்கியோருக்கு ஒரு வழிகாட்டி

சமய நம்பிக்கையில் ஊறிய ஒருவர் தத்துவமும் பயிலும்போது அவருக்குள் ஒரு போராட்டம் எழுகிறது. இறைவனின் கை என்றும், இறைவனின் சினம் என்றும் மறைநூல் பேசுகிறது. இறைவனுக்கு உடலோ விகாரமோ இல்லை என்று அறிவு சொல்கிறது. அறிவின் வழி நடந்தால் மறையைத் துறக்க நேருமோ என அவர் அஞ்சுகிறார். சொற்களின் நேர்ப்பொருளையே பற்றி நின்றால் அறிவைத் துறக்க வேண்டியிருக்கிறது.

இவ்வாறு தவித்த யோசேப்பு என்ற தம் மாணவரை முன்னிறுத்தியே யூத ஞானி மைமோனிடிஸ், 'கலங்கியோரின் வழிகாட்டி' என்னும் நூலை இயற்றினார். அரபு மொழியில், எபிரேய எழுத்துகளில் எழுதப்பட்ட இந்நூல் 1190ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்றது.

துன்பம் அறியாத ஒருவரின் சிந்தனை அல்ல இது. ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபாவில் பிறந்த அவர் சிறுவனாக இருந்தபோது, 1148இல் அல்மொகாத் மரபினர் அந்நகரைக் கைப்பற்றினர். யூதர்கள் மதம் மாறவோ நாட்டைவிட்டு நீங்கவோ வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் அலைந்து, இறுதியில் அவரது குடும்பம் எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் குடியேறியது. குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, வணிகத்தின்பொருட்டு இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்தபோது கப்பல் மூழ்கி மாண்டார். அத்துயரில் ஏறத்தாழ ஓராண்டு நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார் மைமோனிடிஸ். பின்னர் மருத்துவத் தொழிலால் வாழ்க்கை நடத்தினார்.

இத்தனைக்குப் பிறகும், நம்பிக்கையைக் காப்பதற்காக அவர் உண்மையை வளைக்கவில்லை. அக்காலத்தில் 'கலாம்' என்ற வாதமுறையைக் கையாண்டோர், உலகிற்குத் தொடக்கம் உண்டு என்று முதலில் நிறுவி, அதிலிருந்து இறைவன் உண்டு என்ற முடிவுக்கு வந்தனர். மைமோனிடிஸ் இதை ஏற்கவில்லை. உலகின் தொடக்கமே ஐயத்திற்கு உரியதாயின், அதன்மீது எழுப்பிய இறைநம்பிக்கையும் ஆட்டம் காணும் அன்றோ? ஆகவே, உலகம் தொடக்கமற்றது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தையே வாதத்திற்காக ஏற்றுக்கொண்டு, அந்நிலையிலும் இறைவன் உண்டு என்பது பெறப்படும் என்று காட்டினார்.

அப்படியானால் படைப்பு என்ற கொள்கை என்னவாகும்? அனைத்தும் மாறாத நியதியின்படியே நிகழ்கின்றன என்றால் இறைவனின் திருவுளத்திற்கும் அற்புதங்களுக்கும் மறையின் கட்டளைகளுக்கும் இடமிராது. இந்த ஆபத்தை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில், மறைநூலில் படைப்பைப் பற்றிய சொற்கள் இருப்பதால் மட்டும் தாம் அதை ஏற்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். இறைவனின் கை என்பதற்கு உட்பொருள் கண்டவர், அச்சொற்களுக்கும் உட்பொருள் காண இயலாதவர் அல்லர். இரு தரப்புமே ஐயமற நிறுவப்படவில்லை என்றும், படைப்புக் கொள்கையில் ஐயங்கள் குறைவு என்றும் ஆராய்ந்த பின்னரே அதன் பக்கம் நின்றார்.

எதிர்ப்பவரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்தல், நம் தரப்பின் வலுவற்ற வாதத்தை நாமே களைதல், நிறுவ இயலாததை நிறுவிவிட்டதாகக் கூறாதிருத்தல் ஆகிய மூன்றும் அவரிடம் நாம் கற்க வேண்டியவை. சமயத்தின் சார்பில் பேச விரும்பும் ஒவ்வொருவரும் இவற்றை முதலில் தம்மிடமே பயிற்சி செய்வது நலம்.