சேறு வைத்திருக்கும் மழைக் கணக்கு
(டிப்ளமோ சிவில், மூன்றாம் ஆண்டு)



ஒரு கல்வெர்ட்டு டிசைன் செய்ய முதலில் மழைக் கணக்கு வேண்டும். ஆனால் இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875-ல்தான். அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான வருஷத்து மழையை எங்கே தேடுவது? கடலடிச் சேற்றில் தேடலாம்.

எப்படி எடுக்கிறார்கள்?

போர் லாக் நமக்குப் புதிதல்ல. கலையாத மண்ணைக் குழாயில் எடுத்து, அடுக்கடுக்காகக் குறிக்கிறோம். கடலிலும் இதே வேலைதான். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. அந்தச் சேற்றைப் பெரும்பாலும் 63 மைக்ரான் சல்லடையில் கழுவுகிறார்கள். (நம்ம சாயில் லேபில் 75 மைக்ரான்!) மணல் போல் தங்குவதில் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரின் சுண்ணாம்பு ஓடுகள் கிடைக்கும்.

ஓடு என்ன சொல்லும்?

ஆக்சிஜனில் எடை குறைந்தது 16, கூடியது 18. கடல்நீர் ஆவியாகும்போது 16 எளிதாக மேலே போகும். மழையாகி ஆற்றோடு திரும்பும். மழை கொட்டிய காலத்தில் வங்கக் கடலின் மேல்நீரில் 16-ன் பங்கு கூடும். அந்த நீரில் வளர்ந்த ஓட்டிலும் அது பதியும். வெப்பமும் இந்த விகிதத்தை மாற்றும் என்பதால், ஓட்டிலுள்ள மக்னீசியம்-கால்சியம் விகிதத்தைப் பார்த்து வெப்பத்தின் பங்கைத் தனியே கழிக்கிறார்கள். 1955-ல் சீசர் எமிலியானி இந்த ஆக்சிஜன் முறையில்தான் பனியுகங்கள் மாறி மாறி வந்ததைக் காட்டினார். சுமார் 20,000 வருஷத்துக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்குக் காட்டிலும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குத் தரைவழி இருந்த காலம் அது!

2014-15-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் சேறு எடுத்தது. மகாநதி முகத்துவாரத்துக்கு வெளியே எடுத்த சேற்றிலிருந்து சுமார் 9 லட்சம் வருஷத்துப் பருவமழையைக் கணக்கிட்டு, 2021-ல் வெளியிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிய காலங்களில் மழையும் கூடியிருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

நம்ம ஊர்ச் சேறு எதற்கு?

அந்தக் கணக்கு தென்மேற்குப் பருவமழைக்கு. கடலூர் மாவட்டத்தை நனைப்பதும், சில வருஷம் முழுக்குவதும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழை. அதன் பழங்கதையை நம்ம கரையில்தான் தேட வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பிச்சாவரம் காடு அதற்குத் தோதான இடம். அங்கே சேறு கறுத்து, அழுகிய முட்டை போல நாறும். காரணம், உள்ளே ஆக்சிஜன் இல்லை. அதனாலேயே மகரந்தம் மக்காமல் கிடக்கிறது. லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தார் இந்த மகரந்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டலின் மகரந்தம் கூடி, சுரபுன்னையின் மகரந்தம் குறைந்தால், நன்னீர் வரத்து குறைந்ததற்கு அது ஒரு அடையாளம். சேற்று நடுவே திடீரென மணல் அடுக்கு வந்தால் புயலோ, 2004 போல சுனாமியோ இருக்கலாம். வயதுக்கு: நூறு நூற்றைம்பது வருஷம் வரை ஈயம்-210, அதற்கு மேல் சுமார் 50,000 வருஷம் வரை கார்பன்-14.

சிக்கலும் உண்டு. நண்டு வளை தோண்டி அடுக்கைக் கலைத்துவிடும். எங்க அப்பா அந்தக் கழியில் நண்டு பிடிப்பவர். எங்கள் வீட்டுக்குச் சோறு போடும் நண்டே இந்த ஏட்டைக் கிழிக்கிறது! அதனால் ஒரே ஒரு குழாயை நம்பி முடிவு சொல்லக் கூடாது. பல இடத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

பள்ளிக்கூடம் போகாத அப்பா, “ஆத்துத்தண்ணி முன்ன மாதிரி வரதில்லடா” என்பார். எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டால் அவரிடம் ரிஜிஸ்டர் இல்லை. மழை குறைந்ததாலா, 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகா? இரண்டையும் பிரித்துச் சொல்லத் தேதி போட்ட சேறு வேண்டும். அப்பா சொல்வதை அளந்து பார்க்கும் படிப்பு நம்ம கையில் இருக்கிறது. குழாய் இறக்கவும், சல்லடை பிடிக்கவும், அடுக்கைக் குறிக்கவும் நமக்குத் தெரியும். நாளைக்குக் கரையும் மதகும் கட்டப்போகும் நாம் முப்பது வருஷ மழையோடு நின்றுவிடாமல், காலுக்குக் கீழே உள்ள கணக்கையும் புரட்டிப் பார்ப்போம்!