கழுத்தில் தோன்றும் கட்டியை அலட்சியம் செய்யாதீர்கள்

பயிர் செய்கிறவர்களுக்கு இலையைப் பார்த்தே நோயைச் சொல்லத் தெரியும். மிளகாய் இலை சுருண்டால், நெற்பயிர் மஞ்சளித்தால், அன்றைக்கே வயலில் இறங்கிப் பார்ப்போம். ஆனால் நமது சொந்த உடம்பில் ஒரு மாற்றம் தெரிந்தால் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். ஊரையும் காணியையும் விட்டு வந்து நகரத்தில் ஓர் அறைக்குள் சீவிக்கும் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். வாடகை, பிள்ளைகளின் படிப்பு, நாட்கூலி எல்லாவற்றுக்கும் பின்னால்தான் தாயின் சுகம் வருகிறது. அதுவும் நோவில்லாத ஒரு கட்டி என்றால் யாரும் கவனிப்பதில்லை.

கழுத்தில் வரும் தைரொயிட் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி நோவில்லாமலே தொடங்குகிறது. இலங்கையின் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2019ஆம் ஆண்டில் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் கண்டறியப்பட்டது இந்த நோயே. அதேவேளை, நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மிக நன்றாகக் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. ஆகவே இதன் அறிகுறிகளை நாம் ஒவ்வொருவரும் தெரிந்திருப்பது அவசியம்.

தைரொயிட் சுரப்பி என்பது என்ன?

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அது நாம் உண்ணும் உணவிலுள்ள அயடீனை எடுத்து, உடம்பின் வளர்ச்சிக்கும் சூட்டுக்கும் உற்சாகத்துக்கும் வேண்டிய ஓமோனைச் சுரக்கிறது. அயடீன் போதாவிட்டால் சுரப்பி பருக்கத் தொடங்கும். இதையே கழலை என்கிறோம்.

கொழும்பு உட்பட நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் முன்னர் கழலை மிகுதியாக இருந்தது. 1980களில் நடந்த ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கழலை காணப்பட்டது. இதன் விளைவாகவே 1995இல் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது.

கழலை எல்லாம் புற்றுநோய் அல்ல

இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தைரொயிட்டில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை புற்றுநோய் அல்ல. ஆகவே கட்டியைக் கண்டதும் பதறவேண்டியதில்லை. ஆனால் எது தீங்கற்றது, எது தீங்கானது என்பதைக் கையால் தடவிப் பார்த்து நாமே தீர்மானிக்கவும் முடியாது. அதை வைத்தியர் பரிசோதித்தே சொல்லவேண்டும்.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. சிறுவயதில் கழுத்துக்கோ தலைக்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், கதிரியக்க அயடீன் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் கண்டது. வளரும் பிள்ளைகளின் சுரப்பியைக் கதிர்வீச்சு எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதை உலகம் அதிலிருந்தே தெளிவாக அறிந்துகொண்டது.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள்

1. கழுத்தின் முன்பக்கத்தில் ஒரு கட்டி. நோ இருக்காது. எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசையும்.

2. முன்னரே இருந்த கழலை சில வாரங்களில் அல்லது மாதங்களில் விரைவாகப் பெருத்தல், கல்போலக் கடினமாதல்.

3. தடிமன், காய்ச்சல் இல்லாமலே குரல் கரகரத்து, மூன்று வாரத்துக்கு மேலாகியும் சீராகாதிருத்தல்.

4. கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டி, அது வற்றாமல் இருத்தல்.

5. சோறு விழுங்கும்போது தடக்குதல், தொண்டையில் ஏதோ அழுத்துவது போன்ற உணர்வு.

6. மூச்சு விடக் கஷ்டம், மூச்சு இழுக்கும்போது சத்தம். இது இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சிறு பிள்ளையின் கழுத்தில் இப்படி ஒரு கட்டி தோன்றினால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

களைப்பு, நெஞ்சு படபடப்பு, உடல் மெலிதல் அல்லது பருத்தல் ஆகியவை பெரும்பாலும் ஓமோன் கூடிக் குறைவதால் வருபவை. அவற்றுக்கும் வைத்தியம் வேண்டும். ஆனால் அவை புற்றுநோயின் வழக்கமான அடையாளங்கள் அல்ல.

வீட்டில் பார்க்கும் முறை

வெளிச்சமான இடத்தில் கண்ணாடியின் முன் நில்லுங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். விழுங்கும்போது குரல்வளை மேட்டுக்கும் கழுத்துக் குழிக்கும் இடையில் ஏதாவது புடைத்து எழுகிறதா என்று பாருங்கள். குரல்வளை மேடு எல்லோருக்கும் அசையும். அதைக் கட்டி என்று எண்ணிப் பயப்படவேண்டாம். புடைப்பு எதுவும் தெரியவில்லை என்றாலும், மேலே சொன்ன வேறு அறிகுறி இருந்தால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் கடன்பட்டுக் கழுத்தை ஸ்கான் செய்யவேண்டிய தேவை இல்லை. தென்கொரியாவில் 1999க்குப் பின் சுகமாக இருந்தவர்களையும் பெருமளவில் ஸ்கான் செய்தார்கள். 2011இல் கண்டறியப்பட்டவர்களின் வீதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்காகியது. ஆனால் இந்நோயால் இறந்தவர்களின் வீதம் மாறவில்லை. ஒருபோதும் தொல்லை தந்திராத சின்னஞ்சிறு கட்டிகளுக்காகப் பலர் சத்திரசிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. அறிகுறி இருந்தால் தாமதிக்காதீர்கள். இல்லாவிட்டால் பயந்து செலவழிக்காதீர்கள்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

முதலில் வைத்தியர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். பின்னர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்யப்படும். தேவையானால் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது கலங்களை எடுத்துச் சோதிப்பார்கள். இரத்தப் பரிசோதனை ஓமோனின் அளவை மட்டுமே காட்டுகிறது. "இரத்தம் சரி" என்று சொன்னதால் கட்டியும் சரி என்று எண்ணி, மீதிச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

"ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும்" என்று நம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. இந்தப் பயத்தால் கிளினிக்கை விட்டு ஓடியவர்கள், நோய் முற்றிய பின்னரே திரும்பி வருகிறார்கள். உண்மையில் இந்த ஊசிச் சோதனை பாதுகாப்பானது. புற்றுநோய் என்று உறுதியானால் சத்திரசிகிச்சையே முதன்மையான மருத்துவம்.

சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் தைரொக்சின் குளிசை எடுக்கவேண்டும். காலையில் வெறுவயிற்றில் தண்ணீருடன் குடித்து, தேநீருக்கோ சாப்பாட்டுக்கோ குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகள் எடுப்பவர்கள் அவற்றை நான்கு மணி நேரம் கழித்து எடுக்கட்டும். சுகமாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தக்கூடாது.

சிலருக்கு மேலதிகமாகக் கதிரியக்க அயடீன் கொடுக்கப்படும். இதைப் பெற்றவர் வைத்தியர் சொல்லும் நாட்கள்வரை சிறு பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்கவேண்டும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் குடும்பத்துக்கு இது இலேசான காரியம் அல்ல. எனவே உங்கள் வீட்டு நிலைமையைச் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடமும் தாதியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் அதைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும்.

கொம்பனித்தெருவிலிருந்து எங்கே செல்வது?

அரசாங்க வைத்தியசாலைகளில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலை கொம்பனித்தெருவுக்குக் கிட்டவே இருக்கிறது. காலையில் நேரத்துடன் சென்று வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவையான கிளினிக்குக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் உறுதியானவர்களுக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை உண்டு. கோட்டைப் பக்கமிருந்து வரும் 138ஆம் இலக்கப் பஸ் மகரகமவுக்குப் போகும். பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் விசாரியுங்கள்.

ஊருக்குத் திரும்புகிறவர்களும் சிகிச்சையை இடையில் விடவேண்டியதில்லை. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த ஒரு நடைபயணத்தில் திரட்டிய நிதி அதற்கு உதவியது. தெற்கிலும் வடக்கிலும் உள்ள சாதாரண மக்கள் கொடுத்த காசும் அதில் சேர்ந்திருக்கிறது.

போகும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். கட்டி எப்போது தெரிந்தது, எவ்வளவு வளர்ந்தது, குரல் எப்போது மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் சோதனை முடிவுகளையும் பொலித்தீன் உறையில் இட்டு, காணி உறுதியைப் போலப் பத்திரப்படுத்துங்கள். இடம்பெயரும்போது தொலைந்த ஒரு துண்டுக்காக எல்லாச் சோதனையையும் மறுபடி செய்யவேண்டி வந்தால், வீணாவது நோயாளியின் மாதங்கள்.

உப்பைப் பற்றி ஒரு சொல்

சமையலுக்கு அயடீன் சேர்த்த உப்பையே பாவியுங்கள். அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் மூடி வையுங்கள். இது கழலையைத் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே வந்த கட்டியை உப்பு கரைக்காது. "உப்புக் குறைச்சல்தான், தானாய் வற்றும்" என்று காத்திருப்பது ஆபத்து.

கலந்துரையாடுவோம்

1. நம் குடும்பத்தில் யாருக்காவது கழுத்தில் கட்டியோ மாறாத குரல் கரகரப்போ இருக்கிறதா? அதை எத்தனை நாளாகத் தள்ளிப்போடுகிறோம்?

2. ஒரு தாய் கிளினிக்குக்குப் போகும் நாளில் அவருடைய பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? நமது சங்கம் இதற்கு என்ன ஒழுங்கு செய்யலாம்?

3. நம் தெருவில் சிங்களம் பேசக்கூடியவர்கள் யார்? நோயாளியுடன் துணைக்குப் போக முறை வைத்துக்கொள்ள முடியுமா?